ஈரத்துணி ஏற்றிய ஆக்சில்

தீபாவளி வந்தால் திருப்பூர் காலியாகிவிடும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடைசி ஷிப்ட் முடிந்த கையோடு மதுரை, தேனி, திருநெல்வேலி என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கூட்டத்தில் பேருந்து நிலையம் பிதுங்கும். மறுநாள் பார்த்தால் நிட்டிங் மிஷின் சத்தம் நின்றிருக்கும், டீக்கடை பூட்டியிருக்கும், தெருநாய்கள் நடுரோட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த தீபாவளிகளில் ஒன்றை நான் அந்தக் காலி ஊரில், ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் அந்த வண்டி தாராபுரத்தில் என் மாமனார் வீட்டு வாசலில் நின்றாக வேண்டும். அதில் என் மனைவிக்குக் கல்யாணத்தின்போது கொடுத்த சீர் முழுக்க இருக்க வேண்டும். பீரோ, கட்டில், அனுப்பர்பாளையத்தில் பெயர் வெட்டி வாங்கிய பித்தளைக் குடமும் அண்டாவும், தையல் மிஷின். எட்டு மாதமாக அவள் எங்கள் ஐந்து வயது மகளோடு அங்கேதான் இருந்தாள். பெண் இனி வாழப் போவதில்லை என்று முடிவானால் எங்கள் பக்கம் பெண் வீட்டார் வண்டி பிடித்து வந்து சீரைத் திருப்பி எடுத்துப் போவார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அதற்குத்தான் மச்சான் போன் செய்திருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. தீவாளி கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம பொருளெல்லாம் எடுத்துக்கலாம்னு இருக்கறமுங்க. நாங்களே வண்டி புடிச்சுட்டு வந்தர்றம்.”

“நீங்க வர வேண்டாங்க மச்சான். நானே ஏத்தீட்டு வர்றேன்.”

“பத்து மணிக்குள்ள வந்தர்றீங்களா? இல்லீன்னா நாங்க கெளம்பீருவமுங்க.”

வந்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி போனை வைத்தேன். வண்டி அப்போது பின்சக்கரம் இறுகிப்போய், ஓர் அடிகூட நகராமல் நின்றுகொண்டிருந்தது.

வாடகைக்கு வேறு வண்டி எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஊரில் டிரைவர் எவன் இருந்தான்? அதைவிடப் பெரிய காரணம், என் வண்டி என் வாசலில் நிற்கும்போது என் வீட்டுப் பொருள் இன்னொருவன் வண்டியில் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் வந்தால் மச்சான் வருவார், பெரியவர்கள் இரண்டு பேர் வருவார்கள். அவள் வர மாட்டாள். நான் போனால் அவளைப் பார்க்கலாம். பார்த்தால் கூப்பிடலாம். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் போய்க் கூப்பிடவில்லை. தானாகப் போனவள் தானாக வரட்டும் என்று இருந்தேன். அப்படி ஒரு மண்டைக்கனம் எனக்கு.

அவள் போன நாளும் ஆக்சில் வளைந்த நாளும் ஒன்றுதான்.

நான் ஓட்டியது துணி லோடு. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து கட்டிங்குக்கு. எங்கள் தொழிலில் எவனும் லோடை எடை போட்டு ஏற்ற மாட்டான். எத்தனை ரோல் என்று எண்ணித்தான் ஏற்றுவான். என் வண்டி நாற்பது ரோல் தாங்கும், அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்ற விட மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அன்று ஒரு சாயப்பட்டறையில் துணி காயவைக்கும் மிஷின் பழுதாகிவிட்டது. சாயம் போட்ட துணியை அப்படியே ஈரத்தோடு வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், மறுநாள் ஷிப்மென்ட் என்று தலைகீழாக நின்றார்கள். ரோலுக்கு ஒரு மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல நாற்பது எண்ணி ஏற்றினேன். ஈரத்துணி என்ன கனம் கனக்கும் என்பது ஒரு வாளித் துணி துவைத்துப் பிழிகிறவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் துணி ஏற்றிய எனக்குத் தெரியவில்லை. சாக்கடைப் பாலத்துப் பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியபோது அடியில் டம்மென்று ஒரு சத்தம் வந்தது.

அதே நேரம் காய்ச்சலில் கிடந்த மகளோடு அவள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவை நான் கத்தினேன்: “லோடு இருக்குதுன்னு சொல்றனல்ல! ஆட்டோ புடிச்சுப் போ!” அவள் ஆட்டோ பிடித்தாள், பேருந்து நிலையத்துக்கு. லோடை இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் விளக்கு ஏற்றியிருக்கவில்லை. துணி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹவுசிங், அதாவது ஆக்சிலின் இரும்புக் கூடு, வளைந்த வண்டியை எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கும். டயரின் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. ஆயில் கசிந்தது. பேரிங் ஒவ்வொன்றாகச் செத்தது. யாராவது கேட்டால், “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்பேன். வண்டியைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

மச்சான் போன் செய்த மறுநாளே பொங்கலூர் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இதே மாடல் வண்டி ஒன்று புளியமரத்தடியில் நின்றது. தக்காளி ஏற்றி ஓய்ந்த வண்டி. முன்பக்கம் எங்கோ மோதி நசுங்கியிருந்தாலும் பின்பக்கம் நேராக இருந்தது. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த தோட்டத்துக்கார அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

“சீட்டுக்கடியில கோழி அடை வெச்சிருக்குதுங்க, பாத்துங்க. ஏனுங்க, தனியாவா வந்தீங்க? ஊட்ல அம்மிணி நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்குதுங்க.”

கோழி என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. ஆக்சிலைக் கழற்றி, நான் வாடகைக்குக் கூட்டி வந்திருந்த மினிடோர் ஆட்டோக்காரரும் நானும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். இறக்கி வைத்ததும் அவரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பேரிங்கும் ஆயில் சீலும் கடை அடைப்பதற்குள் வாங்கிவிட்டேன்.

ஆறு வருடம் மெக்கானிக் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். ஆக்சில் மாற்றுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவன் தாங்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் போல்ட் கழற்ற வேண்டும். நான் இரண்டு ஜாக்கியையும் நாலு கட்டையையும் வைத்துக்கொண்டு சமாளித்தேன். எஞ்சினிலிருந்து வரும் ராடின் ஜாயிண்டைக் கழற்றினேன். பிரேக் பைப்பைக் கழற்றிவிட்டேன். ஆக்சிலை ஸ்பிரிங் பிளேட்டுகளோடு சேர்த்துப் பிடித்திருந்த யூ போல்ட்டுகள் துருவில் ஊறிப்போய் அசையவே இல்லை. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை செலவானது. கேட்கத்தான் ஆளில்லை.

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை, மண்ணெண்ணெயில்தான் கை கழுவினேன். பொங்கலூர் ஆக்சிலைப் பிரித்துப் பரப்பியிருந்தேன். உள்ளே ஆயில் தார் போல இருந்தது. பல்சக்கரங்களின் பல்லெல்லாம் கழுவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பல்லும் உடையவில்லை. புது பேரிங்கைத் தட்டி இறக்கி, ஆயில் சீலைப் பொருத்தி, கிரவுன் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. சத்தமே இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தலையைத் தூக்கினேன். தெருக்கோடி வரை ஒரு மனிதர் இல்லை. தூரத்தில் எங்கோ சரவெடி வெடித்தது. அழுதேன், கொஞ்ச நேரம். பிறகு ஹவுசிங்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

பழைய ஆக்சிலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்துணி ஏற்றுவதற்கு முன்பிருந்தே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கிரவுன் சக்கரமும் பினியன் சக்கரமும் பல் உரசி ஊளையிடும். தெருமுனையில் நான் காலை எடுக்கும்போதே வீட்டில் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். நான் செருப்பைக் கழற்றிக் கை கழுவி வந்தால் முதல் தோசை தட்டில் இருக்கும். அதைப் பாராட்டிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை ஆக்சில் ஏறிவிட்டது. பிரேக்கில் காற்று எடுப்பதுதான் பாக்கி. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், அடியில் இருப்பவர் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். இதற்கு முன் இரண்டு முறையும் அவள்தான் மிதித்தாள். சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “மிதிக்கட்டுங்களா? உடட்டுங்களா?” என்று கேட்டுக் கேட்டு மிதிப்பாள். ஒருமுறை நான் சொல்லும் முன்னே விட்டுவிட்டாள். எவ்வளவு பேசினேன் அதற்கு!

பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். கட்டை நழுவியது. மறுபடி வைத்தேன், மறுபடி நழுவியது. கடைசியில் எதிர்த்த நிட்டிங் கம்பெனியின் வாட்ச்மேனைப் போய்க் கூப்பிட்டேன். பீகாரோ ஒரிசாவோ, என் வயதுக்காரர். எனக்குத் தெரிந்த இந்தி நாலே வார்த்தை. “தபாவ்” என்றால் மிதித்தார். “சோடோ” என்றால் விட்டார். நான்கைந்து முறையில் பெடல் கல்லாக நின்றது. பீரோவையும் கட்டிலையும் ஏற்றவும் அவர்தான் கைகொடுத்தார். ஏற்றி முடித்ததும் திறந்து கிடந்த வீட்டை எட்டிப் பார்த்து, “பீவி?” என்று கேட்டார்.

“ஊருக்குப் போயிருக்கா” என்றேன் தமிழில். புரிந்ததோ என்னவோ, தலையாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டார்.

குடத்தையும் அண்டாவையும் நசுங்காமல் பனியன் வேஸ்ட்டில் சுற்றி வைத்தேன். பீரோவைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று அஞ்சறைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினேன். குண்டடம் போகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். காலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பட்டறையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இப்படிக் கச்சிதமாகக் கட்டியதில்லை என்று தோன்றியது. அந்தத் தெம்பில் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என் மேல்தான். வா, போகலாம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

ஒன்பது மணிக்கே மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். யாரும் வெளியே வரவில்லை. இறங்கி வண்டியோடு சாய்ந்து நின்றேன். உள்ளே மிக்ஸி ஓடியது, மகள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. சற்று நேரம் கழித்துக் குப்பைக்கூடையோடு வெளியே வந்த என் மனைவி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். இளைத்திருந்தாள்.

“எப்ப வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலீங்களே.”

“ஆக்சில மாத்தீட்டேன். இனிக் கத்தாது” என்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பிறகு சொன்னேன்: “உன்னக் கூப்புடத்தான் வந்தேன்.”

அவள் வண்டியைப் பார்த்தாள். பீரோ, கட்டில், தையல் மிஷின், மேலே சொருகியிருந்த அஞ்சறைப்பெட்டி. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கூப்புட வந்தவரு இதையெல்லாமா ஏத்தீட்டு வந்தீங்க?”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“எட்டு மாசமா அந்தச் சத்தத்துக்குத்தான் காதக் குடுத்துட்டு இருந்தனுங்க. ரோட்டுல எந்த வண்டி ஊளையிட்டாலும் ஓடி வந்து எட்டிப் பாப்பேன். புள்ளகூடக் கிண்டல் பண்ணும்.” வண்டியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். “போன மாசத்தோட அத உட்டுட்டேன். செரி, கயித்த அவுருங்க. வெயில் ஏறுது.”

அவள் உள்ளே போய் அண்ணனைக் கூப்பிட்டாள். நான் கயிற்றை அவிழ்த்தேன். இழுத்துக் கட்டிய முடிச்சு, சுலபத்தில் வரவில்லை. மச்சானும் நானும் பீரோவை இறக்கினோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இல்லீங்க, வேலை இருக்குது என்றேன். மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா, ஒரு ரவுண்டு கூட்டீட்டுப் போங்க” என்றாள். அடுத்த தெருவரை கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட்டேன்.

திரும்பி வரும்போது வண்டி வெறுமையாக இருந்தது. சாலையும் அப்படித்தான் இருந்தது. எங்காவது ஒரு பல் உரசாதா என்று, காலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே திருப்பூர்வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.