ஆர்டிஸ் கையெழுத்துப் போட்ட கைத்துப்பாக்கி

வில்லோ ஃபோர்க் ஊரில் ஆர்டிஸ் ஹாக்ஸ்டட் கையெழுத்துப் போட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பழைய துப்பாக்கி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் திருப்பிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், ஒரு தாளில் விலை எழுதிக் கொடுப்பாள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அவன் துப்பாக்கியோடு அந்தத் தாளை நீட்டினால் பில்லிங்ஸ் நகரத்து வியாபாரி வாயைத் திறக்காமல் பணத்தை வைப்பான். ஒரு விவாகரத்து வழக்கில் நீதிபதியே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆர்டிஸ் என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாராம்.

இந்த வித்தையை அவள் பள்ளிக்கூட பஸ்ஸில் உட்கார்ந்து கற்றாள். முப்பத்தொரு வருஷம் அந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்றரை மணிவரை காத்துக் கிடக்க வேண்டும். ஒரு ஏலத்தில் தையல் சாமான் என்று நினைத்து அவள் எடுத்த பெட்டிக்குள், துப்பாக்கிகளின் வரிசை எண்கள் அச்சிட்ட தடிப் புத்தகங்கள் பதினான்கு இருந்தன. படிக்க வேறு எதுவும் இல்லாததால் அவற்றைப் படித்தாள். விட்ட மூச்சு உறைந்து மடியில் விழுந்து உடைகிற குளிரிலும் கையுறையைக் கழற்றாமல் பக்கம் புரட்டினாள். பதினான்கையும் மூன்று முறை முடித்தபோது இந்தப் பக்கத்தில் அவளை விஞ்ச ஆளில்லை.

அன்றிலிருந்து நிம்மதியும் இல்லை. துப்பாக்கி வருகிற இடத்துக்கெல்லாம் முன்னால் ஒரு கதை வரும். போன வருஷம் மட்டும், பேர்போன ஒரே கொள்ளைக்காரன் செத்தபோது கையில் பிடித்திருந்த துப்பாக்கி பதினொன்று வந்தது. "அவனுக்குக் கை எத்தனைடா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

அதனால்தான் தீயணைப்புப் படைத் தலைவன் லைல் அந்தக் கைத்துப்பாக்கியைக் கதை எதுவும் இல்லாமல் கொண்டுவந்தபோது அவளுக்கு மனம் குளிர்ந்தது. படைக்குப் புது பம்ப் வாங்கப் பணம் வேண்டும்; துப்பாக்கியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்கப்போகிறார்கள். லுண்ட்கிரென் பண்ணைக் கொட்டிலில் லாட ஆணி டப்பாவுக்குள் கிடந்ததாம். நூற்று நாற்பது வருஷத்துப் பொருள். உடம்பெல்லாம் பழுத்த பிளம் பழத்தோல் நிறம். திருகாணித் தலைகளில் ஒரு கீறல் இல்லை. எண் பொறித்த மூன்று இடத்திலும் ஒரே எண்; எந்தப் பாகமும் மாற்றியதில்லை. துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை மெல்ல இழுத்தாள். நாலு சொடுக்கு, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

"ஒம்பதாயிரம் டாலர்," என்றாள்.

"இந்த அழுக்குக்கா?"

"அந்த அழுக்குக்குத்தான்டா காசு. இது மேல யாரும் கை வைக்கக் கூடாது. கேட்டுதா லைல்? நீ என் பஸ்ல ஏறின நாள்லேருந்து காதுல வாங்கினதே இல்ல."

"கேட்டுது, கேட்டுது."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். லைல் அதை நகல் எடுத்து வங்கியிலும் தேவாலயத்திலும் மூன்று மதுக்கடைகளிலும் ஒட்டினான். இருபது டாலர்ச் சீட்டு நானூறு பறந்தது. துப்பாக்கியை யாரும் பார்க்கக்கூட இல்லை. ஆர்டிஸின் கையெழுத்தைப் பார்த்தார்கள், வாங்கினார்கள்.

குலுக்கல் சனிக்கிழமை. வழக்கம்போலத் தீயணைப்பு நிலையத்தில் காலை விருந்து. ஆர்டிஸ் பான்கேக் தட்டோடு, அதன்மேல் சோக்செர்ரிப் பழப் பாகு வழிய, பரிசு மேசைப் பக்கம் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று பாத்திரக்கடைக் கரண்டி மாதிரி மின்னியது.

"என்னடா இது?"

"எப்படி இருக்கு!" லைல் முகமெல்லாம் பல். "செவ்வாய்க்கிழமை ராத்திரி எப்பவும் நாங்க வண்டியோட பித்தளையெல்லாம் தேய்ப்போம்ல. நம்ம நிலையத்துல துருவோட ஒரு பொருள் இருந்தா நல்லாவா இருக்கும்? ஏழு பேர், மாத்தி மாத்தி நாலு மணி நேரம். இரும்புத் தூரிகை ரெண்டு தேஞ்சே போச்சு."

ஆர்டிஸ் தட்டை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். குழாயின்மேல் இருந்த எழுத்து, மழையில் நனைந்த கடிதம்போலக் கலங்கியிருந்தது. திருகாணித் தலைகள் வாய் பிளந்திருந்தன. எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தைக் காணோம்.

"கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"கை வைக்கல ஆர்டிஸ். தூரிகைதான் வெச்சோம்."

அவள் ஐந்து வரை எண்ணினாள். போதவில்லை. இருபது வரை எண்ணினாள்.

"ஆயிரத்து எட்டுநூறு. அதுவும் வாங்குறவனுக்குக் கண்ணு மங்கலா இருந்தா. ஒலிபெருக்கியை எடு."

"ஐயோ, வேணாம்! எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. பம்ப்?"

"நானூறு சீட்டும் என் பேரைப் பார்த்து வாங்கினது. உன் பம்புக்காக நான் பொய்க் கையெழுத்துக்காரியா நிக்கணுமா?"

ஒலிபெருக்கியைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தேய்த்ததால் விலை விழுந்துவிட்டது, தன் பழைய தாள் இனிமேல் செல்லாது, பணம் வேண்டியவர்கள் வாசல் மேசையில் வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஆட்டுப்பண்ணைக்கார வெண்டல் எழுந்தான். "ஆர்டிஸ், அழுக்கா இருந்தப்ப ஒம்பதாயிரம். பளபளன்னு ஆனப்புறம் ஆயிரத்து எட்டுநூறா? காலையில என்ன குடிச்சே?"

சிரிப்பு கிளம்பியது.

"நீ வாங்குறது ஸ்பூன் இல்ல வெண்டல்! பழைய பொருளுக்கு அதோட பழைய தோல்தான் விலை. உன்னை உரிச்சு மெருகு போட்டா உன் பெண்டாட்டி அதிகம் குடுப்பாளா?"

"மெருகு போட்டா ஒருவேளை வெச்சுக்குவேன்," என்றாள் அவன் மனைவி.

மேசைகளுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு ஓடியது. அது ஆர்டிஸின் காதுக்கே வந்து சேர்ந்தது. "தானே அமுக்கப் பாக்குறா. அதான் விலையை இறக்குறா." முப்பத்தொரு வருஷம் பனியில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே வாய்கள்!

பணத்தைத் திருப்பி வாங்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே ஊருக்குப் புதியவர்கள். மற்றவர்கள் வாசல் மேசையில் முண்டியடித்தது இன்னும் சீட்டு வாங்குவதற்கு. ஆர்டிஸே அமுக்கப் பார்க்கிற பொருள் என்றால் அது சாதாரணப் பொருளா? அறுபத்துமூன்று சீட்டு கூடுதலாகப் போனது. லைலுக்குப் பம்போடு நீளக் குழாயும் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. "நல்லாப் பேசினீங்க!" என்று அவள் தோளைத் தட்டினான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

குலுக்கலில் வெண்டலுக்கு விழுந்தது. ஊரே கைதட்டியது. ஆர்டிஸ் புதுத் தாளில் ஆயிரத்து எட்டுநூறு என்று, பேனா முனை மேசையில் பதியும்படி அழுத்தி எழுதி அவனிடம் நீட்டினாள்.

அவன் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தான். "இது வேணாம் ஆர்டிஸ். அந்த ஒம்பதாயிரம் தாளைக் குடேன். கண்ணாடிச் சட்டம் போட்டுத் துப்பாக்கிக்குப் பக்கத்துல மாட்டிக்கிறேன்."

"அது இப்ப பொய்யி."

"இருக்கட்டுமே. கையெழுத்து உன்னுதுதானே?"

ஆர்டிஸ் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்த அசல் தாளைப் பிய்த்தெடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், பாகு சிந்திய தரையில் போட்டாள்.

வெண்டல் முழங்காலிட்டு நாலு துண்டையும் பொறுக்கினான். சட்டையில் ஒற்றி, உள்ளங்கையில் அடுக்கி, பக்கத்துக்குப் பக்கம் பொருத்திப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மரியாதையாகவே கேட்டான்.

"ஆர்டிஸ், டேப் போட்டு ஒட்டினா இதோட மதிப்பு கொறைஞ்சிடுமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியாக் கொறையும்," என்று சொல்லிவிட்டுத் தன் பிக்கப் வண்டியை நோக்கி நடந்தாள்.