கொக்குக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சுக் குடம்

ஐம்பத்துமூன்றாவது வயதில் ஆபிரகாம் ஒரு கேமரா வாங்கினார். கலை ஆர்வத்தில் இல்லை, வயிற்றெரிச்சலில்.

அவருக்குப் பொறாமை புதிதல்ல. பாலகாட் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கே ஒருவன் பொறாமைப்படலாம். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தார். சுரங்கத்தை மூடிய பிறகு மகன் காலை ரயில்வண்டி பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனார். இருபத்துநான்கு வருடமாக அதே வண்டி, அதே மூன்றாவது பெட்டி, மடியில் ஒரு ஆரஞ்சு ஹெல்மெட். ஸ்டேஷனில் பைக்கோடு விட்டுவந்த இரண்டு ஹெல்மெட்டுகள் காணாமல் போனதிலிருந்து அதையும் பெங்களூர் வரை கூட்டிப்போய்க் கூட்டிவருவார்.

அந்தப் பெட்டியில்தான் ரவிகுமார் வருவான். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. பெரிய கேமரா வைத்திருந்தான், அதற்கு மூன்று லென்ஸ். திங்கட்கிழமை ஆனால் பெட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அவன் எடுத்த படங்கள் வந்து விழும். முப்பது பேரும் கைதட்டுவார்கள். ஆபிரகாமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வாங்கியதும் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கேமராதான். கைப்பிடி, நீண்ட மூக்கு, கழுத்துப் பட்டை எல்லாம் இருந்தன. அறுபது மடங்கு ஜூம். ஆனால் விலை கைக்கு அடக்கம். ரவிகுமார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாண்ணே, லென்ஸ் கழட்ட முடியுமா இதுல?”

“முடியாது.”

“ஓ. சென்சாரும் சின்னது. நம்ம கேமரால பின்னாடி கீறதெல்லாம் அப்படியே பஞ்சு மாதிரி மங்கிடும். இதுல மங்காதுண்ணே. எல்லாம் தெரியும்.”

அந்த ‘ஓ’ ஒரு மாதம் வரை ஆபிரகாமின் காதில் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைவி ஐடாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போக ஆரம்பித்தார். அங்கே பறவைக்குப் பஞ்சமில்லை, கைக்குத்தான் பஞ்சம். ஜூமை முழுக்க நீட்டினால் அவர் கை ஆடும், பறவை கட்டத்தை விட்டு ஓடிவிடும். கையேட்டை இரண்டு முறை படித்தார், ஷட்டர் வேகம் மனப்பாடம் செய்தார். அப்படியும் அவர் எடுத்த நாமக்கோழி கரித்துணி மாதிரிதான் விழுந்தது.

“குடுங்க, நான் ஒண்ணு எடுக்குறேன்” என்றாள் ஐடா ஒருநாள்.

ஐடா ஜாக்கெட் தைப்பவள். ஊசியில் நூல் கோப்பதும் கொக்கி வைப்பதுமாக இருந்த கை ஆடவே இல்லை. மேலே இருக்கும் சக்கரத்தைப் பச்சை ஆட்டோவில் வைத்தாள், அழுத்தினாள், கொடுத்துவிட்டாள். மீன்கொத்தியின் கண்ணில் வெயில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

ரவிகுமார் மேல் பட்ட பொறாமையை அவராலேயே ஒப்புக்கொள்ள முடிந்தது. அவனிடம் மூன்று லென்ஸ் இருந்தன. பெண்டாட்டி மேல் படும் பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது? அதே கேமரா, அதே ஏரி, அதே கொக்கு. பத்து நாள் வரை அவருக்குச் சோறு ருசிக்கவில்லை. ஐடா வைத்த ரசத்தில் உப்பு இல்லை என்றார். இருந்தது.

அதன்பின் ஞாயிறு தோறும் சாயங்காலம் அவளுடைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் குற்றம் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வேலை ஆயிற்று. பாதிக்கு மேல் பறவையே இருக்காது. ஏரி இருக்கும், கரை இருக்கும், நடுவில் இவருடைய முதுகு இருக்கும்.

“பாத்தியா, பறவை தப்பிச்சினு போயிடுச்சு” என்பார், மனசு குளிர.

“போயிடுச்சுங்க” என்பாள் ஐடா, தையலிலிருந்து நிமிராமல்.

அவற்றையெல்லாம் வேஸ்ட் என்று அழித்துவிடுவார்.

ஒரு படத்தில் மட்டும் அவரால் குறை சொல்ல முடியவில்லை. கொக்கின் அலகில் மீன் துடித்தது, மீனின் வாலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் தேடி ஓரத்தில் ஒன்றைப் பிடித்தார்.

“பின்னாடி எவனோ ஆரஞ்சுக் குடம் ஒண்ணு போட்டுனு போயிருக்கான். கெடுத்துடுச்சு.”

“குடமா?” என்று கேட்டுவிட்டு ஐடா சிரித்தாள். என்ன சிரிப்பு என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை, வண்டி பங்காருபேட்டையைத் தாண்டும்போது, அந்தப் படத்தைக் குழுவில் போட்டார். யார் எடுத்தது என்று எழுதவில்லை. அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் கைதட்டலே ரவிகுமாரிடமிருந்து வந்தது. “அண்ணே, சத்தியமா எனக்கு இப்படி ஒண்ணு மாட்டினதில்ல.” ஆபிரகாம் அதைப் பதினோரு முறை படித்தார். நன்றி என்று மட்டும் எழுதினார். பொய் அங்கேதான் நடந்தது.

அந்த மாதம் பெட்டியின் மூத்த ஆள் தங்கம்மா ரிட்டயர் ஆனார். முப்பது வருடம் நர்ஸாகப் பெங்களூர் போய்வந்தவர். அவருக்குப் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுப்பதென்று குழுவில் முடிவாயிற்று. எப்போதும் ரவிகுமார் படம்தான் போகும். இந்த முறை எல்லாரும் ஒரே வாயாகக் கொக்கு என்றார்கள். வேண்டாமென்று சொல்ல ஆபிரகாமுக்கு ஒரு வாரம் இருந்தது. சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காகிதத்தைப் பிரித்தார்கள். இரண்டடிக்கு மூன்றடி. கீழே ‘படம்: ஆபிரகாம்’ என்று பொன்னிற எழுத்து. ஆபிரகாமின் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

தங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலைமூலையாகப் பார்த்தார். விரல் ஒரு ஓரத்தில் போய் நின்றது.

“இது யாருப்பா, ஏரிக்கரையில ஹெல்மெட் போட்டுனு குனிஞ்சி நிக்கறது?”

எல்லாத் தலையும் படத்தின் மேல் கவிழ்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி ஆபிரகாமின் மடியைப் பார்த்தது. மொட்டைத் தலைக்கு வெயில் ஆகாதென்று ஏரியில்கூட அவர் அதைக் கழற்றுவதில்லை. ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த வெள்ளைச் சிலுவைகூடப் படத்தில் தெரிந்தது. ரவிகுமார் சொன்னது சரிதான், அந்தக் கேமராவில் எதுவும் மங்காது.

“அண்ணே, நீங்க இங்க நின்னா, எடுத்தது யாரு?” என்றான் ரவிகுமார்.

“டைமர் வெச்சேன்.”

“டைமர் வெச்சா கொக்கு காத்துனு நிக்குமாண்ணே?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஆபிரகாமுக்குக் காது இரண்டும் எரிந்தன. ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்துபோயிற்று.

“எங்க வீட்ல எடுத்தாங்க” என்றார் கடைசியில். “எனக்கு இப்படி எடுக்க வராது. கை ஆடும்.”

தங்கம்மா சட்டத்தின் அடியில் இருந்த எழுத்தைத் துடைத்தார். “எழுதினது சரிதானே. படத்துல கீறது ஆபிரகாம். படம், ஆபிரகாம். ஐடாகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லு.”

அப்போதுதான் பெட்டி சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஐடா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“உன் கொக்க என் கொக்குன்னு சொல்லிட்டேன்” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

“கொக்க யாரு எடுத்தா?” என்றாள் ஐடா. “உங்களத்தான் எடுத்தேன். அது குறுக்க வந்துடுச்சு.”

ஆபிரகாம் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“வாரா வாரம் எடுக்குறேன். நீங்கதான் வேஸ்ட்டுன்னு அழிச்சிடுறீங்க.” மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கேமராவை எடுத்துக்கொண்டு போய் உள் அறையில் உட்கார்ந்தார். முதலிலிருந்து கடைசி வரை தள்ளினார். மீன்கொத்தி இருந்தது, நாரை இருந்தது, தாழைக்கோழி குஞ்சுகளோடு இருந்தது. அந்தக் கொக்குப் படத்தைத் தவிர அவர் வேறு ஒன்றில்கூட இல்லை. மற்ற அத்தனையையும் அவர் கையாலேயே சந்தோஷமாக அழித்திருந்தார்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் கேமராவை ஐடாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார், வயிற்றை எக்கிக்கொண்டு நேராக நின்றார். கொக்கு ஒன்று பறந்து வந்து, அவருக்கும் கேமராவுக்கும் நடுவில், அழகாக உட்கார்ந்தது. ஆபிரகாம் இரண்டு கையையும் வீசி அதை விரட்டினார்.