கயிறு இல்லாமல் வராத பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு ரோட்டை நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுகிற நேரம். ஒரு காபிக் கடை வாசலில் தாடி வைத்த ஒரு பையன், நம்ம ஊர்ப் பையன்தான், மடியில் ஒரு வாத்தியத்தை வைத்து டிங்கு டிங்கென்று தட்டிக்கொண்டிருந்தான். தோல் போர்த்திய வட்ட முகம், நீளக் கழுத்து. சுற்றி நின்றவர்கள் கிடார், கிடார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அது கிடார் இல்லீங்க, பாஞ்சோ" என்றேன். பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். கையில் கீரைக்கட்டு, தோளில் ஜவுளிக்கடைப் பை. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பான். எப்படித் தெரியும் என்றால், சரிந்து விழுந்த ஒரு பந்தலுக்கு அடியிலிருந்து ஒரு பாஞ்சோவை என் கையால் இழுத்து எடுத்தவள் அய்யா நான்.

சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். நேராகச் சொல்ல எனக்கு வராது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதுசு. வீடு குருசுக்குப்பத்தில், மீன் பிடிக்கிறவர்கள் குப்பம். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய தெருக்களில் ஒன்றில், ஒரு விடுதி. வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து, சிரித்து வைப்பதுதான் வேலை. முதலாளியம்மாவை எல்லோரும் மதாம் என்போம். பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு, சாம்பாரில் உப்பு குறைந்தால் பிரெஞ்சில் திட்டுகிற தமிழ் மதாம். விடுதி முழுக்க வெண்ணெய் ரொட்டி வாசம் அடிக்கும். என்மேல் மீன் வாசம் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் நான் தினமும் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு போவேன். மீனும் பவுடரும் கலந்தால் இன்னும் மோசம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த விடுதிக்குத்தான் டேனி வந்தார். அமெரிக்கக்காரர், ஐம்பதை நெருங்கிய வயசு. அவர் பாஞ்சோ, அவர் மனைவி பிடில். அவர்கள் ஊர் மலைப்பக்கத்துப் பாட்டுகளைப் பாடுவார்கள். ரயில், நிலக்கரிச் சுரங்கம், வீட்டை விட்டுப் போன மகன், இந்த மாதிரி. முற்றத்தில் உட்கார்ந்து அவர்கள் பாடுவதைக் கேட்டு மதாமுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. சின்னதாக ஒரு பாட்டுத் திருவிழா வைக்க வேண்டும். அவர்கள் நாட்டுப்புறமும் நம்ம நாட்டுப்புறமும் ஒரே மேடையில் பாட வேண்டும்.

"உங்க குப்பத்துல பாடறவங்க யாராவது இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கப்பாவே பாடுவாரு மதாம்" என்றேன்.

அப்பா பாடுவது அம்பா. கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். வடக்குக் கயிற்றுக்கு அப்பா முதல் ஆள், தெற்குக் கயிற்றுக்குப் பெரியப்பா. அப்பா அடி எடுத்துக் கொடுப்பார், பெரியப்பா ஏற்றுப் பாடுவார், அந்த இழுப்புக்கு எல்லாக் கையும் சேர்ந்து வரும். கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள் இரண்டு இடத்தில் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். அவ்வளவு பொருத்தமான குரல்.

வில்லங்கம் என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், அப்பாவை மட்டும் அழைக்கவில்லை. கூடப்பிறந்தவன்தானே, அவனுக்கு எதற்குத் தனியாக அழைப்பு என்று பெரியப்பா நினைத்தார். கூடப்பிறந்தவனுக்கே அழைப்பு இல்லையா என்று அப்பா நினைத்தார். இரண்டும் நியாயம்தான், அதுதான் தொல்லை. சித்தப்பா முறைக்கு அப்பா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ நின்று அந்தக் கல்யாணம் நடந்தது. அம்மா மட்டும் போய் அழுதுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒட்டுச்சுவர் வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. அம்மாவும் பெரியம்மாவும் பின்பக்கமாகக் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்வார்கள், அது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தெரியாத மாதிரியே நடக்கும்.

ஆனால் விடிந்தால் கயிற்றில் பாடுவார்கள்! அது மட்டும் நிற்கவில்லை. வலை கடலில் கிடக்கும்போது கோபம் பார்க்க முடியுமா?

எனக்கு இதில் ஒரு சுயநலம் இருந்தது, மறைப்பானேன். அப்போது என் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தோளில் உட்கார வைத்து அலையில் இறக்கிப் பயம் தெளிய வைத்தவர் பெரியப்பா. அவர் இல்லாமல் எனக்கு ஒரு கல்யாணம் நடந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த வயசில் எல்லாமே சரியாகிவிடும்.

பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். பீடியை அணைத்துவிட்டு, "நான் வலைக்குப் பாடுவேன். அவனுக்குப் பாட மாட்டேன்" என்றார்.

அப்பாவிடம் வந்து, "வேற யாராவது ஏத்துப் பாடட்டுமா?" என்றேன். "வேற ஆளா? பாட்டு நொண்டும். வேணாம் போ" என்றார். பிறகு அவரே, "வந்தா வரட்டும், நான் ஒண்ணும் வேணான்னு சொல்லலியே" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

மாசி மகம் முடிந்த சமயம். அதற்கு நட்ட சவுக்குக் கம்புகள் மிச்சம் கிடந்தன. அவற்றையே மணலில் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அப்பாவே பந்தல் போட்டார். பெரியப்பா மேடைக்கு வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், ஏற்றி வைத்திருந்த படகில் சாய்ந்து நின்றார். "கேக்க வந்தேன், பாட வரல" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்தவர்கள் பம்பையும் உடுக்கையும் அடித்தார்கள். அந்த அடிக்கு என் அத்தைக்குச் சாமி வந்து, தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். அடுத்தது டேனி. எங்கள் குப்பத்துக் கணக்கில் வெள்ளையாக இருந்தால் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிற சொல்தா தாத்தா, மெடல் குத்திய கோட்டோடு மேடையேறி டேனியை நீளமாகப் பிரெஞ்சில் வரவேற்றார். டேனிக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். தாத்தா இறங்கியதும், என்ன சொன்னார் என்று என் காதில் கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சாம்பார் திட்டு மட்டும்தான். "வாங்க, சாப்ட்டீங்களான்னு கேட்டாரு" என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன்.

டேனி பாட, நான் பக்கத்தில் நின்று அர்த்தம் சொன்னேன். வீட்டை விட்டுப் போனவன், அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்து திரும்பப் பார்க்கிறான், ரயில் போய்விட்டது, தண்டவாளத்தில் உட்கார்ந்து அழுகிறான். பிடில் இழுத்த இழுப்பில் நானே அர்த்தம் சொல்வதை விட்டுவிட்டுக் கேட்டேன். முன்வரிசையிலிருந்து என் அம்மா, "பஸ்ஸு கெடைக்கலியாமா அவனுக்கு?" என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது. அதே அம்மா அடுத்த பாட்டுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

பிறகு அப்பா. சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கனைத்துக்கொண்டார். மறுபடி திறந்தார். ஊஹூம். கையைத் தூக்கிப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் மைக்கிலேயே, "கையில கயிறு இல்லாம எப்பிடிப் பாடறது?" என்றார்.

குப்பமே சிரித்தது. எனக்கு மணலுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. மதாம் என்னைப் பார்த்தார். டேனி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கயிறு இழுக்கிற மாதிரிக் காட்டி, இதுவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கயிறு கொண்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவரே இறங்கினார். யாரோ படகிலிருந்து வலைக்கயிற்றை அவிழ்த்து வந்தார்கள். இழுப்புக்குத் தாங்க ஒரு முனையை எதிலாவது கட்ட வேண்டுமே. பந்தலின் முன்கம்பில் கட்டி, மறுமுனையைக் கூட்டத்துக்கு நடுவே மணலில் நீட்டிப் போட்டார்கள்.

அப்பா மேடையை விட்டு இறங்கி, உள்ளங்கையில் எச்சில் தொட்டுக் கயிற்றைப் பிடித்தார். குரல் வந்துவிட்டது!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கயிறு மணலில் நீண்டு, முதல் ஆள் பிடித்து அடியெடுத்துவிட்டால், கரையில் நிற்கிறவன் சும்மா பார்க்கக் கூடாது. ரோட்டில் போகிறவன்கூட சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கை போடுவான். அது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, உடம்பில் ஊறிய வழக்கம். எல்லோரும் எழுந்து கயிற்றைப் பிடித்தார்கள். டேனியும் அவர் மனைவியும் பிடித்தார்கள். மதாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிடித்தார். "கயிறப் போட்டுத் தொலைச்சிட்டீங்களேடா" என்று முனகிக்கொண்டே பெரியப்பா வந்து கடைசி ஆளாகப் பிடித்தார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடியை மாற்றினார்.

"வெத்தல பாக்கு வெக்காமலே..."

"ஏலேலோ ஐலசா!" என்று எல்லோரும் சேர்ந்தார்கள்.

"வெள்ளக்காரரு வந்துட்டாரே..."

ஒரு நொடி எல்லாம் நின்றது. கயிறுகூட அசையவில்லை. பின்னாலிருந்து பெரியப்பா குரல், வழக்கமாக வருகிற இடத்தில், வழக்கத்தைவிட உரக்க.

"ஏலேலோ ஐலசா! கடல் தாண்டி வந்தவரு பந்தலுக்குள்ள... கூடப் பொறந்தவன் வாசலோட..."

குப்பம் ஓவென்று கத்தியது. சிரித்துக்கொண்டே இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே சிரித்தார்கள். வலையென்றால் இழுக்க இழுக்க மெல்லக் கரைக்கு வரும் அல்லவா? அதே மாதிரிக் கயிறும் மெல்ல வந்தது. வருகிறது என்று கைக்குத் தெரிந்ததும் இன்னும் வேகம். வருவது மீனா பந்தலா என்று அந்தக் கைகளுக்கு எப்படித் தெரியும்? முன்கம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது, தார்ப்பாய் சரிந்தது, மைக்செட்டுக்காரர் "ஐயோ என் பெட்டி!" என்று அலறினார், மதாம் கயிற்றை விடாமலேயே "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். நல்லவேளை, பந்தலுக்குள் ஒரு ஆள்கூட இல்லை. பாஞ்சோதான் இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஊர்ந்துபோய் நான்தான் அதை எடுத்துவந்தேன். ஒரு கம்பி அறுந்திருந்தது, உள்ளே மணல். டேனி அதைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்தக் களேபரத்தில் பெரியப்பா விழுந்த கம்பைப் புரட்டிப் பார்த்தார். "எவன்டா இத நட்டது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"அதான பாத்தேன். ஒரு முழங்கூடத் தோண்டல."

"எங்க தோண்டறது? ஒரு முழத்துலயே தண்ணி வருது."

பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு அது. பெரியப்பா நம்பாமல் குழியில் குனிந்து பார்த்தார். அப்பாவும் குனிந்தார். அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. "முன்னல்லாம் ஓராள் ஆழம் தோண்டினாலும் மணல்தான் வரும்" என்றார் பெரியப்பா. இரண்டு தலையும் ஒட்டி நின்றதைப் பார்க்கிற சந்தோஷத்தில் நான் குழியைப் பார்க்கவே இல்லை.

என் கல்யாணம் முடிவானதும் அப்பா முதல் வெற்றிலை பாக்கைப் பக்கத்து வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். சுவரைத் தாண்டினால் வீடு. ஆனாலும் சலவை வேட்டி கட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றிப் போய், வாசலில் நின்று கூப்பிட்டார். "எனக்கெதுக்குடா இதெல்லாம்?" என்றார் பெரியப்பா. "வாங்கிக்க. அப்புறம் பேச்சு வரக் கூடாது" என்றார் அப்பா. என் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நின்று பரிமாறியவர் பெரியப்பா.

மறு வருஷமும் திருவிழா வைக்க மதாம் ஆசைப்பட்டார். பந்தல் நட்ட இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கடலைத் தடுக்க லாரி லாரியாகக் கருங்கல் வந்தது. வீடுகள் தப்பின, கரை போய்விட்டது. நிற்க மணல் இல்லாத இடத்தில் யார் கயிறு இழுப்பது? திருவிழாவை விடுதி முற்றத்தில் நாற்காலி போட்டு ஒரு தடவை வைத்தார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து, கேட்டுவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போது விடுதியும் கைமாறிவிட்டது, மதாமும் இல்லை. போன ஐப்பசியில் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாஞ்சோ பார்த்த அன்றைக்கு நேராக அப்பா வீட்டுக்குத்தான் போனேன். மாடியில் உட்கார்ந்திருந்தார். கல்லில் அலை மோதுகிற சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். "ஒரு அம்பா பாடேன்பா" என்றேன். "கயிறு?" என்று கையை நீட்டினார். காய்ந்த துணிகளை எடுத்துவிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். இன்னொரு முனை கம்பியில் கட்டியே இருந்தது.

குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது. ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு அடுத்த அடி, மறுபடி நிறுத்தம். ஏற்றுப் பாடுகிற நேரம் முழுசும் கயிற்றைத் தளர விடாமல் பிடித்தபடி காத்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில், "ஏலேலோ ஐலசா" என்று நான் எடுத்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "நீ சும்மா இரு. அண்ணன் பாடட்டும்" என்றார்.