நேர்ந்துவிட்ட விரால்

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு லிங்கராஜ் அண்ணாச்சி ஒரு ஜிலேபி மீனைத் திட்டுகிறார். "ஒன்ன யாருலே இங்கன கூப்புட்டது?" திட்டி முடித்ததும் அதைக் கரைக்கு எறிகிறார். கரையில் ஊர்ப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவை கண்மாய்க்குக் கிளம்பிவிடும்.

புதூர் வட்டாரத்தில் அவரை ஆட்டுத் தரகராகத்தான் தெரியும். எட்டயபுரம் சந்தையில் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை விரித்து, அதற்கடியில் வாங்குகிறவர் விரலைப் பிடித்து அழுத்தியே விலையை முடிப்பார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எத்தனையோ கிடாக்களைக் கத்திக்கு அனுப்பிய மனிதர், விரால் என்றால் மட்டும் உருகிவிடுவார். "ஆயும் அப்பனும் குஞ்சச் சுத்தியே காவல் நிக்குதத பாருங்க. அதப் போயி கொழம்பு வைக்க எப்படித்தான் மனசு வருதோ!" எனக்கு வரும். அவரிடம் சொன்னதில்லை.

பெரிய கண்மாயைக் குத்தகைக்கு எடுத்த செல்லத்துரை, சீக்கிரம் பெருகும் என்று ஜிலேபிக் குஞ்சுகளை விட்டார். அவை பெருகின. அயிரை, கெளுத்தி, விரால் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. லிங்கராஜுக்குப் பொறுக்கவில்லை. கயத்தாறு பக்கத்துக் கிணறு ஒன்றில் விரால் ஜோடி பிடித்துக் குடத்தில் கொண்டுவந்தார். சும்மா விட்டால் மறுநாளே யார் சட்டியிலாவது கொதிக்கும். அதனால் தமக்குத் தெரிந்த ஒரே வழியில், கிடாவை விடுவது போல, சுடலைமாடசாமிக்கு நேர்ந்துவிட்டார். சாமிக்கு நேர்ந்ததை எவன் தொடுவான்?

கிடாவுக்குக் காதை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். "மீனுக்குக் காது எங்கன இருக்கு?" என்று தேடிப் பார்த்துவிட்டு வாலில் லேசாக நறுக்கினார். வால் திரும்ப வளர்ந்துவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. எது நேர்ந்த மீன் என்று தெரியாமல், தூண்டிலில் எந்த விரால் விழுந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தண்ணீரிலேயே விட்டார்கள். விரால் பெருகி ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்றது. அயிரைகூடத் தலைகாட்டியது.

செல்லத்துரை விடுவாரா? இந்தச் சித்திரையில், சுடலை கோயில் கொடைத் திருவிழாவில் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டார். "அண்ணாச்சி, நேந்துவிட்டா வெட்டணும்லா? எதாவது ஒண்ண வெட்டுங்க, நேர்ச்ச முடிஞ்சுது. நாளைக்கு நான் வலைய எறக்குதேன்." கூட்டத்தில் பாதிப் பேர் வாயில் ஏற்கெனவே எச்சில். வேறு வழியில்லாமல் லிங்கராஜே ஒரு விராலைப் பிடித்து அண்டாத் தண்ணீரில் கொண்டுவந்து வைத்தார்.

வெட்டுமுன் கிடாவின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதம். பூசாரி பூவனநாதன் செம்பை எடுத்தார்.

"மீன வெளிய எடுத்துப் போட்டு ஊத்துங்க" என்றார் செல்லத்துரை.

லிங்கராஜ் குறுக்கே பாய்ந்தார். "கெடாவ கண்மாய்க்குள்ள முக்கிப் பிடிச்சா உத்தரவு கேக்குதோம்? அது நிக்குத எடத்துலதான கேக்குதோம்! மீனு நிக்குத எடம் தண்ணிதான?"

பூசாரி யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. அண்டாவுக்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். மீன் அசையவில்லை. இன்னொரு செம்பு. ஒரு குமிழி வந்தது.

"சம்மதம் சொல்லிட்டு!" என்று கத்தினார் செல்லத்துரை.

"குமிழி சிலுப்புல சேராது" என்றார் பூசாரி. அடுத்த செம்பையும் ஊற்றிவிட்டு, "சாமிக்கு இந்த வருசம் வேண்டாமாம்" என்று அறிவித்து, கிடாக்கள் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது.

அப்போதுதான் அந்த விரால் தலை முதல் வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. லிங்கராஜ் முகமெல்லாம் தண்ணீர். பார்த்தது நானும் அவரும்தான். அவர் முகத்தைத் துடைக்கவில்லை. தோள் துண்டை எடுத்து அண்டாவின் வாயை மூடினார். சந்தையில் செய்வது போலவே, கையை மெல்லத் துண்டுக்கு அடியில் விட்டார்.