நல்ல சிஸ்டரும் பொல்லாத மருமகளும்

எங்கள் பகல் பராமரிப்பு மையத்தில் மறதி நோய் வந்த பெரியவர்களைக் காலையில் வேனில் கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துப் போவார்கள். இடையில் அவர்களைக் கவனிப்பது சிஸ்டர். சமையல் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு சிஸ்டர் சொல்லும் முதல் பாடம் இது: "அவங்க சொல்றத மறுத்துப் பேசாதீங்க. பகல ராத்திரின்னாலும் ஆமான்னு சொல்லுங்க."

அவருக்கென்றே வந்த சோதனை மாதிரி, சொந்த மாமியாரே மையத்தில் வந்து சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, மருமகளோடு போட்ட சண்டையைத் தவிர. வீட்டில் மருமகள் தட்டை நீட்டினால், "விஷம் வச்சிருப்பா" என்று தள்ளிவிடுவார். உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மையத்தில் கதையே வேறு. சீருடையில் இருந்த மருமகளை மாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. ஊட்டியதையெல்லாம் சாப்பிட்டார், கூடவே புகாரும் படித்தார்.

"எனக்கு ஒரு மருமக இருக்கா. வாயத் தொறந்தா தெருவே கூடும்."

"அப்படியாம்மா?"

"என் புள்ளைய முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா."

"ரொம்ப மோசம்மா அவ."

வீட்டில் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத சிஸ்டர், இங்கே ஒரே மத்தியானத்தில் அத்தனை குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாத்திரத்தை உருட்டிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. அன்று சிஸ்டர் வீட்டிலேயே சீருடையை மாட்டிக்கொண்டார்.

"லீவு நாள்ல எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர்.

"உங்கம்மாவுக்குச் சாப்பாடு போட. நீங்க பேசாம இருங்க."

வெளியே போய் அழைப்பு மணியை அடித்து, தன் வீட்டுக்குள் தானே விருந்தாளியாக நுழைந்தார். மாமியாருக்கு முகமெல்லாம் பல்.

"வா சிஸ்டர்! நல்லவேளை, அவ வீட்ல இல்ல."

தட்டு காலியானது. கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தவரின் கையை மாமியார் பிடித்துக்கொண்டார்.

"பாத்திரத்துல மிச்சம் இருக்கா?"

"இன்னும் வேணுமாம்மா?"

"எனக்கில்ல, அந்தச் சண்டைக்காரிக்கு. கத்துவாளே தவிர, பசி தாங்க மாட்டா. கொஞ்சம் எடுத்து மூடி வச்சிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லிடாத, தலைக்கு மேல ஏறிடுவா."

மறுநாள் அடுப்புப் பக்கம் வந்து இதைச் சொல்லும்போதே சிஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது.

"இத்தன வருஷத்துல என்கிட்டயே ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"