நைனாவுக்குப் புரிந்த சண்டைப் படங்கள்

திரையில் வெடி வெடிக்கும்போது நாற்காலியின் இரும்புக் கால் அதிர்ந்து, அந்த அதிர்வு தொடை வழியாக ஏறி வயிற்றுக்குள் மெல்லப் பரவும். ஆந்திர எல்லைப் பக்கத்துப் புத்தூரில் சிறுவயதில் பார்த்த சினிமாக்களை நினைத்தால் கதைகளுக்கு முன்னால் அந்த அதிர்வுதான் எனக்கு வருகிறது. பீடிப் புகையும் வறுத்த வேர்க்கடலை வாசனையும் மிதந்த அந்த இருட்டில், பக்கத்து நாற்காலியில் இருந்த நைனா அதை என்னைவிட ஆழமாக உணர்ந்திருப்பார். ஏனென்றால் அவருக்குக் காது கேட்காது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். இளவயதிலிருந்தே பவர்லூம் தறி ஓட்டியவர் அவர். தறிகளின் ஓயாத இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போனது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, காதருகே கத்தினால்தான் ஏதோ எட்டும் என்ற நிலை. கேட்பது போனதோடு பேச்சும் குறைந்தது. அம்மாவும் நானும் எதற்காவது சிரித்தால் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டோடு எழுந்து வாசல் பக்கம் போய்ச் சாப்பிடுவார். ஒருமுறை அழுகையும் வசனமுமாக ஓடிய ஒரு குடும்பப் படத்துக்கு எங்களோடு வந்தவர், இடைவேளைக்கு முன்பே எழுந்துவிட்டார்.

"வாய ஆட்டிக்கினே கீறாங்க. நான் இன்னாத்த பாக்கறது?" என்றார். அதன் பிறகு வீட்டில் சினிமாப் பேச்சே இல்லை.

ஒரு கோடை விடுமுறையில் தறிக்கூடத்து மோட்டார் பழுதாகி, நைனா பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நைனாவ மேட்னிக்கு இட்டுக்கினு போ. ஃபேன் காத்துலயாவது குந்திக்கினு இருக்கட்டும்" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

ஏதோ வெளிநாட்டுப் படம், தெலுங்கில் டப் செய்தது. மகளைத் தூக்கிக்கொண்டுபோன கும்பலை ஒரு தகப்பன் துரத்துகிறான், அவ்வளவுதான் கதை. சந்தைக்குள் ஓடினான், கூரைமேல் ஓடினான், ஓடும் ரயிலிலிருந்து லாரிமேல் குதித்தான். யாரும் நின்று எதையும் விளக்கவில்லை. கனவில் ஒன்றை அடுத்து இன்னொன்று தானாகவே புரிந்துகொண்டே போகுமே, அப்படிப் போனது. நான் வசனத்துக்குக் காதைக் கொடுத்திருந்த நேரத்தில், நைனா ஆட்களின் கைகளையும் கண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாயகனை அவன் நண்பன் சிரித்தபடி வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த இடத்தில், தன் குரல் எவ்வளவு உயர்கிறதென்று தெரியாத நைனா, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அவன நம்பாத. வாய்தான் சிரிக்குது, கண்ணு கதவயே பாக்குது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த கணம் கதவை உடைத்துக்கொண்டு கும்பல் உள்ளே வந்தது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "தர்வாத்த ஏமவுதுந்தி அன்னா?" என்று, அடுத்து என்ன ஆகுமென நைனாவைக் கேட்டார். நான் கையை விரித்து அந்தக் கேள்வியைக் காட்டினேன்.

"பாத்துக்கினே இரு. பொண்ண மீட்டுக்கினு வந்துடுவான்" என்று நைனா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு முழுப் படத்தையும் சொன்னார். லாரிமேல் குதிக்கும் இடத்துக்கு வாசல்படியிலிருந்து குதித்தே காட்டினார். நடுவில் எதையோ கேட்க வாயெடுத்த அம்மா, நிறுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் கேட்டாள். நைனாவும் கைகளாலேயே பதில் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி கைகளுக்கு மாறியது. "துன்ன வாங்க" என்பதற்கு ஒரு சைகை, மாமா வருகிறார் என்பதற்கு ஒரு மீசை முறுக்கல். நைனா மறுபடியும் எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு சுவரொட்டியைப் பார்த்தே படத்தைத் தேர்ந்தெடுத்தோம். துப்பாக்கியோ எரியும் காரோ இருந்தால் போவோம். ஒரு குடும்பம் வரிசையாக நின்று சிரித்தால் போகமாட்டோம். இந்தப் படங்களில் கதையே இல்லை என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. துரத்துகிறவன், ஓடுகிறவன் என்பதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லாத அந்த மதியங்களில் நைனா யாருக்கும் பின்தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த தியேட்டர் இன்று கல்யாண மண்டபம். தறிக்கூடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. திருப்பதியில் வேலை பார்க்கும் என்னோடுதான் நைனாவும் இருக்கிறார். சென்ற மாதம் அவருக்குக் காது மெஷின் பொருத்தி, இங்கே ஒரு ஏசி தியேட்டருக்கு அழைத்துப் போனேன். சண்டை சூடுபிடித்ததும் பழைய வழக்கப்படி உரக்கச் சொன்னார்: "டேய், பின்னால பாரு."

இருட்டில் பல பக்கங்களிலிருந்தும் "உஷ்" என்றார்கள். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்குக் கேட்டுவிட்டது. பிறகு மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிம்மதியாகத் திரையோடு பேசத் தொடங்கினார்.