எல்லோருக்கும் பம்பாய் காட்டிய அண்ணன்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அண்ணன் தோள்மேல் ஒரு கை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் சித்தப்பா மகனின் கை. கடற்கரையில் கேட்வே ஆஃப் இந்தியா வளைவு முன்னால் எடுத்த படம். அண்ணன் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லாததால் அதிலிருந்துதான் வெட்டி எடுத்தோம். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. "அத்தை, நீங்கதான் எழுதணும்" என்று அண்ணன் மகன் நோட்டைக் கொடுத்துவிட்டான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது நாங்குநேரிப் பக்கம். பதினாறு வயதில் தாராவிக்கு வந்து தோல் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தார்கள். மதினி இரண்டு பிள்ளைகளை விட்டுக் கண்ணை மூடியபோது, புருஷனை இழந்து ஊரில் இருந்த என்னை அழைத்து வந்தார்கள். ஒரே அறை. உங்களில் பாதிப் பேர் அதில்தான் வந்து தங்கினீர்கள்.

யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் காட்டக் கிளம்பிவிடுவார்கள். வி.டி. ஸ்டேஷன், பழைய கோட்டைத் தெருக்கள், கடைசியில் கேட்வே முன்னால் நின்று ஒரு படம். "நல்லா அண்ணாந்து பாரும்வே, கழுத்து சுளுக்கினா நான் பொறுப்பு" என்பார்களாம். வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போனதில்லை. எங்கள் சந்துக் குழாயில் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும். பிடிக்காவிட்டால் விருந்தாட்கள் காலையில் எதில் குளிப்பார்கள்?

"ஏட்டி, நாப்பது வருசமா பம்பாயில இருக்க. கேட்வே எந்தப் பக்கம்னு கேட்டா முழிப்ப" என்று அண்ணன் கேலி செய்வார்கள்.

போன மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"கெளம்புட்டி. இன்னைக்கு நீதான் விருந்தாளு."

"ஐயே, இந்த வயசுல எனக்குப் படம் ஒண்ணுதான் கொறச்சலாக்கும்! தண்ணி வந்துரும்ண்ணே."

"ஒரு நாளு நீ பிடிக்காட்டா தாராவி காஞ்சா போவும்?"

"அடுத்த வாரம் போவோம்ண்ணே."

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். வியாழக்கிழமை காலை டீ குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். எழவில்லை. சட்டை ஆணியிலேயே இருந்தது.

அண்ணனைத் தூக்கும்போது மணி நாலு. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்று சந்து முனையிலேயே நின்றுவிட்டேன். அங்கேயும் அண்ணன்கூட நான் போகவில்லை.

தோள் கொடுத்தவர்களுக்கும், காரியத்துக்கு ரயிலில் நின்றுகொண்டே ஊரிலிருந்து வந்தவர்களுக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த அறை மராத்திக்கார அம்மாவுக்கும் நன்றி. அன்று நான் திரும்பி வந்து பார்த்தபோது என் இரண்டு ட்ரம்மும் நிரம்பி, மூடி போட்டிருந்தது. நான் கேட்காமலே பிடித்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிடித்து வைத்திருப்பார். நான்தான் கேட்கவில்லை.